பூஜ்யத்தில் நிற்கும் எழுத்து

ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு இல்லை. இன்றோடு நான்காவது நாள். பள்ளிக்கூடத்துக்கு முதலில் கிளம்புகிற அக்கா, 'பால் பொங்கிடுச்சு, திட்டாதே', 'குடைய நான்தான் எடுத்தேன்' என்று எதையாவது எழுதி ஒட்டிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். மூன்று வருடமாக அவளுக்குக் கை நடுங்குகிறது. கரும்பலகையில் அவள் எழுதியதை அடுத்த வகுப்புக்கு வருகிறவர் அழிக்க மனமில்லாமல் ஓரமாக எழுதிக்கொண்ட காலம் போய், இப்போது அலுவலக அறையில் உட்கார்ந்து கணினியில் கால அட்டவணை தட்டுகிறாள். அப்படியும் சீட்டு மட்டும் இதுவரை ஒருநாளும் தவறியதில்லை. தங்கை வெறும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். காரணம் அவளுக்குத் தெரியும்.

தங்கைக்கு இணையதளங்கள் வடிவமைக்கும் அலுவலகத்தில் வேலை. மாதத்தில் ஒரு வாரம் அங்கே வாடிக்கையாளர் வேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிரவுசரில் புதிதாக என்னென்ன செய்ய முடிகிறதென்று ஆளாளுக்கு விளையாடிப் பார்க்கலாம். மவுஸ் கிட்டே வந்தால் ஓடி ஒளிகிற பொத்தானை ஒருவர் செய்தார். வெளியே மழை பெய்தால் நனைந்துபோகிற பக்கத்தை இன்னொருவர் செய்தார். இவள் எழுத்தைப் பிடித்துக்கொண்டாள். திரையில் இப்படியும் அப்படியும் இழுக்கிற ஒரு ஸ்லைடர். பூஜ்யத்தில் வைத்தால் எழுத்து ஆடாமல் நிற்கும், நூறுக்குத் தள்ளினால் உதறி எடுக்கும். இரண்டு முனைகளையும் வரைந்து கொடுத்துவிட்டால் நடுவில் உள்ளதையெல்லாம் கணினியே போட்டுக்கொள்ளும். நூறில் வைக்கும் எழுத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அக்கா குளிக்கப் போன நேரத்தில், சேர்ந்து கிடந்த நாற்பது சீட்டுகளைப் படமெடுத்தாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அந்த அப்புறம் வரவே இல்லை. இணையத்தில் ஏற்றிய அந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. முகம் தெரியாதவர்களெல்லாம் அந்த நடுக்கத்தில் பேய்க்கதை எழுதினார்கள், குடிகாரன் புலம்பல் எழுதினார்கள், 'குளிருது, கதவச் சாத்து' என்று எழுதிச் சிரித்தார்கள். அலுவலகத்தில் அவர்களோடு சேர்ந்து இவளும் சிரித்தாள். ஒரு வடிவமைப்பு இதழிலிருந்து, கையெழுத்து யாருடையது என்று கேட்டார்கள். "தெரிஞ்சவங்க ஒருத்தரோடது" என்றாள் வாய் கூசாமல். சொன்னதுமே சுருக்கென்றது. திருத்த ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லவில்லை. இதழில் அப்படியே அச்சாகி வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தபோது சாப்பாட்டு மேசையில் அவளுடைய லேப்டாப் திறந்திருந்தது. அக்கா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்தப் பக்கம்தான்.

"ஸ்டாஃப் ரூம்ல காட்டினாங்க. என் 'ழ' மாதிரியே இருக்காம். மாதிரி என்ன மாதிரி."

தங்கை நின்ற இடத்திலேயே நின்றாள். நான்கு நாளாக ஒத்திகை பார்த்த பேச்சையெல்லாம் விட்டாள்.

"கேட்டிருக்கணும்க்கா. தப்புதான்."

"கை நடுங்குறது பள்ளிக்கூடத்துக்கே தெரியும், அதுல என்ன இருக்கு. தெரிஞ்சவங்கன்னு சொல்லியிருக்க பாரு." அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சரி, அதையும் விடு." ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்துப் பூஜ்யத்தில் விட்டாள். எழுத்துகள் அடங்கி, வரிசை கட்டி நின்றன. "இது யாரு?"

"நீதான்க்கா. முன்னாடி நீ எழுதுவியே, அது."

"உனக்குக் கையப் புடிச்சு எழுதக் கத்துக்குடுத்தவ நான். உன் எழுத்து எனக்குத் தெரியாதா?"

தங்கை குனிந்து பார்த்தாள். 'ழ'வின் வால் வட்டமாகச் சுருண்டு முடிந்தது. சீட்டுகளில் அக்கா அதை நீட்டி இழுத்து விடுவாள். அக்காவின் பழைய எழுத்தைக் கேட்டு வாங்கினால் விஷயம் வெளியே வந்துவிடுமென்று, மனதில் இருப்பதை வைத்துத்தான் வரைந்தாள். மனதில் இருப்பது அக்காவுடையது என்றே நம்பியிருந்தாள்.

"இத எடுத்துடு" என்றாள் அக்கா. "நடுக்கம் இருக்கட்டும். அது நான்தான்."

"இத எடுத்தா அதுவும் நிக்காதுக்கா. ரெண்டு முனையும் வேணும்." தங்கை நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பழைய நோட்டு ஏதாவது குடு. அதப் பாத்துச் சரியா வரைஞ்சிடறேன்."

"எல்லாத்தையும் போன வருஷமே கிழிச்சுப் போட்டேன். வச்சுப் பாத்துட்டு இருக்க முடியல." அக்கா இப்போதுதான் முகத்தை நிமிர்த்தினாள். அதில் கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. "நீ எத்தன வருஷம் பாத்திருக்க. ஞாபகம் இல்ல?"

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். கரும்பலகை வந்தது. சாக்பீஸ் தூள் படிந்த புடவைத் தோள் வந்தது. திரும்பி நின்று எழுதுகிற அந்தக் கை ஆடாமல் அசங்காமல் போவதுகூட வந்தது. அது என்ன எழுதியது, எப்படி எழுதியது என்பது மட்டும் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது அக்கா ஸ்லைடரை மெல்ல மறு பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள். அறுபதுக்குப் பக்கத்தில் எங்கோ நிறுத்தப் பார்த்தாள். விரல் நிற்கவில்லை. அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு, அறுபத்துநான்கு என்று எண் ஓடியது. திரையில் இருந்த எழுத்துகள் அந்த விரலோடு சேர்ந்து விரிந்தும் ஒடுங்கியும் நடுங்கிக்கொண்டே இருந்தன. தங்கை அந்த விரலைப் பிடித்து நிறுத்தக் கையை நீட்டினாள். 'நடுக்கம் இருக்கட்டும்' என்று அக்கா சொன்னது நினைவுக்கு வர, பாதி தூரத்திலேயே தன் கையை மேசைமேல் வைத்துவிட்டாள்.