மறைக்கச் சுலபமான நிறம்

சாப்பாட்டு மேஜை மேல் பெயிண்ட் நிறங்கள் அச்சிட்ட அந்த ஷேட் கார்டு மூன்று நாளாகக் கிடந்தது. பல்லக்கா அதை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தாள். பெண் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

பல்லக்கா என்பது தெரு வைத்த பெயர். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து, விழுந்த பல்லுக்குப் பதில் வேறு பல் செய்து கொடுக்கும் கூடத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறாள். வாயில் மிச்சமிருக்கும் பற்களின் நிறத்துக்கு இம்மியும் பிசகக் கூடாது. வெள்ளையிலேயே பதினாறு வகை அவளுக்குத் தெரியும். "வெள்ளைன்னா வெள்ளைதானே" என்று யாராவது சொன்னால் அவர்களைப் பாவமாகப் பார்ப்பாள். நிறம் விஷயத்தில் தன் கண் தப்பாது என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தத் தலைக்கனம்தான் பிறகு அவளைக் கவிழ்த்தது.

பெண்ணுக்குப் பதினாலு வயது. காப்பகத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம். இதற்கு முன் இரண்டு வீடுகள் அவளை அழைத்துப் போயிருந்தன. முதல் வீட்டில் பதினோரு மாதம், அடுத்ததில் நாலு. இரண்டு வீட்டாருமே 'ஒத்து வரவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். கடையில் வாங்கிய செருப்பைத் திருப்பிக் கொடுப்பதற்குக்கூட மனிதர்கள் இரண்டு நாள் யோசிப்பார்கள்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளைத் தங்கமான பிள்ளை என்றார்கள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவாள். போர்வையை நாலு மூலையும் சேர்த்து மடித்து வைப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், கேட்காததைப் பேச மாட்டாள். பல்லக்காவுக்கு அந்தத் தங்கம்தான் பயத்தைக் கொடுத்தது. பதினாலு வயதில் ஒரு பிள்ளை ஏழு மாதமாக ஒரு தரம்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை என்றால் அது பெருமைப்படுகிற விஷயமா? அவள் செய்கிற பல்லும் அப்படித்தான், பக்கத்துப் பல்லுக்கே தெரியாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். பல்லுக்கு அது அழகு. பிள்ளைக்கு அது அழகில்லை.

அதனால்தான் இந்தப் பெயிண்ட் வேலையையே ஆரம்பித்தாள். பெண் தூங்குகிற அறை முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்த அறை. சுவரெல்லாம் அலமாரி உரசின கோடுகள். அதைப் பெண் தனக்குப் பிடித்தபடி மாற்றிக்கொண்டால், இனி இந்த வீடுதான் என்று அவள் மனசுக்குப் படும் என்று பல்லக்கா கணக்குப் போட்டாள். அவள் ஆசை அந்த ஒன்றுதான். இந்தப் பிள்ளை இங்கேயே இருக்க வேண்டும், இருப்போம் என்று நம்பவும் வேண்டும்.

"மேடம், தீர்ப்பு எப்போ சொல்லப் போறீங்க?" என்று பெண்ணிடம் கேட்டார் பல்லக்காவின் கணவர். பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களைச் சுமந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் யாரையாவது சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. "பெயிண்டர் அண்ணன் நாளைக்கு வந்துடுவாரு. நீங்க சொல்லலேன்னா எங்க பஸ் கலரை அடிச்சு விட்டுருவேன். அப்புறம் ஜனங்க வந்து ஏறிடும்."

பெண் மரியாதைக்குச் சிரித்தாள். "உங்களுக்கு எது பிடிக்குதோ அதையே அடிங்க அங்கிள்."

"எங்களுக்குப் பிடிச்சு என்னம்மா ஆகப்போகுது? படுக்கறது நீதானே?" என்று பல்லக்கா கார்டை அவள் முன்னால் நகர்த்தினாள்.

பெண் விரித்தாள். விரல் ஒவ்வொரு நிறமாக ஓடியது. மயில்கழுத்து நிறத்தின் மேல் வந்ததும் அந்த விரல் ஒரு கணம் நின்றது. பல்லக்கா அதைப் பார்த்துவிட்டாள். ஆனால் பெண் கார்டை மூடிவிட்டு, "வெள்ளையே போதும் ஆன்ட்டி" என்றாள்.

மறுநாள் பெயிண்டர் வந்தார். சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, தேய்த்து முடிக்க இரண்டு நாள் ஆனது. வாய் ஓயாத மனிதர். மூன்றாம் நாள் காலை, பெண் பள்ளிக்கூடம் போன பிறகு, டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"உங்க பொண்ணு படு கெட்டிக்காரிங்க அக்கா. நேத்து சாயங்காலம் வந்து என்கிட்ட ஒரு கேள்வி கேட்டுச்சு பாருங்க. 'அண்ணா, வெள்ளைதானே அப்புறம் மறைக்கறதுக்குச் சுலபமான கலர்?'னு. நான் ஆமான்னு சொன்னேன். மேல எந்தக் கலர் வந்தாலும் ரெண்டே கோட்டுப் பூச்சுல வெள்ளை ஒண்ணுமில்லாம போயிடும். 'அப்ப அடுத்து வர்றவங்களுக்குக் கஷ்டமில்ல'ங்குது. இந்த வயசுல இவ்வளவு பொறுப்பு யாருக்கு வரும்?"

பெயிண்டர் மெச்சிக்கொண்டே டம்ளரை வைத்தார். பல்லக்காவின் காதில் ஒன்றே ஒன்றுதான் நின்றது. அடுத்து வருகிறவர்கள். இந்தப் பிள்ளை தனக்கு ஒரு சுவர் கேட்கவில்லை. தான் போன பிறகு தன் தடம் தெரியாமல் இருக்க வழி கேட்டிருக்கிறாள். ஏழு மாதமாகத் தட்டைக் கழுவியதும் போர்வையை மடித்ததும் அதற்குத்தான் என்று நினைத்தபோது பல்லக்காவுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணா, மறைக்கவே முடியாத கலர் எது?"

"மறைக்கவே முடியாததுன்னு ஒண்ணும் கிடையாதுங்க. ஆனா இந்த மயில்கழுத்து மாதிரி அழுத்தமான கலர் இருக்கே, அது பிடிவாதம் பிடிக்கும். பிரைமர் ரெண்டு, மேல மூணு கோட்டுன்னு உயிரை எடுத்துடும்."

"அதையே அடிங்க. நாலு சுவருக்கும்."

பெயிண்டர் முகத்தில் ஈயாடவில்லை. "பாப்பா வெள்ளைன்னுல்ல சொல்லிச்சு? நாளைக்கு வேணாம்னா கஷ்டம் அக்கா."

"கஷ்டமாத்தான் இருக்கணும்" என்றாள் பல்லக்கா. பல் செய்யும் கூடத்துக்குப் போன் போட்டு லீவு சொன்னாள். கணவரிடம்கூடக் கேட்கவில்லை. அவர் பஸ்ஸில் இருந்தார். பெண்ணின் விரல் நின்ற இடமும் அதுதான், மறைக்கக் கஷ்டமானதும் அதுதான். இரண்டும் ஒன்றாக அமைந்ததில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்காலம் பெண் வந்து பார்க்கும்போது அவள் முகம் எப்படி மலரும் என்று பகல் முழுக்க நினைத்துப் பார்த்துக்கொண்டாள்.

நாலரை மணிக்குப் பெண் வந்தாள். வாசலில் பையைக்கூட இறக்காமல் அறையைப் பார்த்தாள். நாலு சுவரும் ஈரமாக மின்னின. பெயிண்டர் ஏணி மேல் நின்று மூலையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"எப்படியிருக்கு?" என்றாள் பல்லக்கா.

பெண்ணின் முகம் வெளுத்தது. பையைப் போட்டாள், வாளியில் கிடந்த துணியை எடுத்தாள், நேராகப் போய்ச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தாள். ஈரப் பெயிண்ட் இழுபட்டுத் திட்டுத் திட்டாக வந்தது. இரண்டு கையாலும் தேய்த்தாள்.

"ஐயோ பாப்பா, கெட்டுப் போயிடும்!" என்று பெயிண்டர் தடதடவென்று இறங்கினார். பல்லக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"என்னம்மா பண்றே? உனக்குப் பிடிச்ச கலர்தானே?"

"யார் சொன்னா பிடிச்ச கலர்னு?"

"உன் விரல் அதுல நின்னுச்சே!"

"அந்தப் பேரைப் படிச்சேன்! மயில்கழுத்துன்னு எழுதியிருந்துச்சு, அதனால படிச்சேன். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது!"

பல்லக்காவின் இருபது வருஷத் தலைக்கனம் அந்த இடத்தில் இறங்கியது.

பெண் நிறுத்தவில்லை. "முதல் வீட்டுல எனக்காக ரோஸ் கலர் அடிச்சாங்க. திருப்பிக் கொண்டுவந்து விட்டப்ப காப்பகத்து ஆபீசர்கிட்ட அந்த ஆன்ட்டி என்ன சொன்னாங்க தெரியுமா? 'இவளுக்காக ரூமுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சோம், அப்பவும் இவ ஒட்டலை'ன்னு. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் ஒருநாள் அதைத்தானே சொல்லுவீங்க? நாலு சுவருக்கும் அடிச்சோம்னு சொல்லுவீங்க."

உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்கிற வார்த்தை பல்லக்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த வீட்டிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியதும் அதை விழுங்கிவிட்டாள். சொல்லிப் புரிய வைக்கிற விஷயம் இல்லை இது. அவள் உண்மையைச் சொன்னாள்.

"நீ பெயிண்டர் அண்ணன்கிட்ட கேட்டதை அவர் சொல்லிட்டாரு. எனக்குத் தாங்கல. நீ போகவே முடியாத மாதிரி ஏதாவது பண்ணணும்னு தோணிச்சு. அதான் அடிச்சேன். தப்புதான்."

"என்கிட்ட கேக்கணும்ல?"

"கேட்டேனே."

"கேட்டீங்க. நான் வெள்ளைன்னு சொன்னேன். நீங்க காதுலயே வாங்கல." பெண்ணின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கன்னத்தில் கண்ணீரும் பெயிண்டும் கலந்து ஒழுகின. "நான் சொன்னதுக்கு என்ன மரியாதை? என் ரூம் என் ரூம்னு சொல்லிட்டு நீங்களே எல்லாம் பண்ணினா அது யாரோட ரூம்?"

பெயிண்டர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரோலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லக்கா திட்டு வாங்கிக்கொண்டு நின்றாள். வெட்கமாக இருந்தது. ஆனால் அடியிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல மேலே எழும்பியது. ஏழு மாதத்தில் இந்தப் பிள்ளை இன்றைக்குத்தான் சண்டை போடுகிறாள். நாளைக்குக் கிளம்புகிறவள் இப்படிச் சண்டை போட மாட்டாள். வாயை மூடிக்கொண்டு, சரி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போர்வையை மடிப்பாள்.

"நியாயம்தான்" என்றாள் பல்லக்கா. "அண்ணா, நாளைக்கே வந்து மறைச்சிடுங்க. எத்தனை கோட்டு ஆனாலும் சரி. பாப்பா சொன்ன வெள்ளையே அடிங்க."

"வெள்ளை வேண்டாம்" என்றாள் பெண்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். மூக்கிலும் நிறம் ஒட்டியது.

"அது சும்மா சொன்னது. எனக்கு வெள்ளையும் பிடிக்காது." கொஞ்சம் நின்று, பெயிண்டரிடம் திரும்பினாள். "அண்ணா, அந்தக் கார்டுல இருக்கறதைத் தவிர வேற கலரே கிடையாதா?"

"ஏன் இல்லாம? கடையில தலையணை சைஸுக்கு ஒரு புக்கு வெச்சிருக்காங்க. ஆனா அதைப் பாத்து முடிக்கறதுக்குள்ள ஒரு மாசம் ஓடிடும் பாப்பா."

"ஓடட்டும்" என்றாள் பெண். "கொண்டு வாங்க. நான் முழுசாப் பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் இங்க யாரும் கை வைக்கக் கூடாது."

கடைசி வாக்கியத்தைப் பல்லக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள். பல்லக்கா தலையாட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொள்ளச் சுத்தமான துணி ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினாள்.