காவல் சத்தம்

எனக்குக் காய்ச்சல் என்றாலே ஆகாது. வீட்டில் யாராவது பகலில் போர்வையை எடுத்தால் போதும், ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். இது தெரிந்துதான் என் வீட்டுக்காரர் சோலைச்சாமி தனக்குக் காய்ச்சல் கண்டபோது போர்வையைத் தொடவே இல்லை. கமுக்கமான ஆள்.

அவர் மறைத்ததற்குக் காரணம் மக்காச்சோளம். கார்த்திகையில் எங்கள் பசுவந்தனைப் பக்கம் கதிர் பால் பிடித்து நிற்கும். அந்த வாசனைக்குக் காட்டுப்பன்றி இறங்கிவிடும். ஒரு ராத்திரி காவல் தப்பினால், விடியும்போது பாதிப் புஞ்சை உழுது போட்ட மாதிரி கிடக்கும். அதனால் வீட்டுக்கு ஓர் ஆள் புஞ்சையில் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்து தகரம் தட்ட வேண்டும், வெடி போட வேண்டும். அந்தச் சத்தத்தில் ஊரில் ஒருவரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. எங்கள் புஞ்சைக்குக் காவல் இவர்தான். படுத்துவிட்டால் பரணுக்கு யார் போவது?

இருமல் மட்டும் வெளியே தெரிந்தது. கேட்டால் பனி என்றார். ஒருநாள் காலையில் காப்பி டம்ளரை வாங்கும்போது கை பட்டது. அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் ஓடிவந்துவிட்டாள். கோவில்பட்டிக்குக் கிளம்புங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "இந்தா வாரேன்" என்று வெளியே போனவர், மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். தொட்டுப் பார்த்தேன், உடம்பு ஜில்லென்று இருந்தது.

"பாத்தியாட்டி, பறந்துட்டு" என்று சிரித்தார். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். நான் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது பலித்துவிட்டது என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். என் புத்தி அவ்வளவுதான், வேறென்ன சொல்ல.

அதற்குப் பிறகும் சில நாள் பரணுக்குப் போனார். ஒரு மழைநாள் காலையில், அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் அவருக்கு மூச்சு இழுத்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம் பாரித்திருந்தது. உடம்பில் சூடு இல்லை. சூடு இல்லாதபோது இது என்ன கூத்து என்று எனக்குப் புரியவில்லை. கரிசல் நனைந்தால் ஆட்டோ உள்ளே வராது, சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கொம்பையா அண்ணாச்சியின் டிராக்டரில் ஏற்றித்தான் தார்ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். கோவில்பட்டி ஆஸ்பத்திரி வருகிறவரைக்கும் அவர் தலை என் மடியில் ஆடிக்கொண்டே வந்தது. நான் அழவில்லை. திட்டிக்கொண்டே வந்தேன். நிறுத்தினால் அவர் கண்ணை மூடிவிடுவார் என்று பயம்.

அங்கே டாக்டர் சுதாராணி என்று ஒரு பெண், எட்டயபுரத்துக்காரி. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டு இன்புளூயன்சா என்றார். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாகத் தெரிந்தன. ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனைத் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெஞ்சு இவ்வளவு கெட்டுக் கெடக்கு, காய்ச்சலே இல்ல. சர்க்கரையே இல்லாத ஆளுக்குத் திடீர்னு சர்க்கரை ஏறியிருக்கு. வேற எதுவும் மாத்திரை சாப்பிட்டீங்களா அய்யா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

அப்போதுதான் நர்ஸ் ராதாமணி அவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பையில் ஒரு பொட்டலம். தினசரிக் காலண்டர் தாளில் மடித்தது. மேலே ராசிபலனில் 'சுகம்' என்று போட்டிருந்தது. உள்ளே மிச்சமாக ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. காலண்டர் தாளைக் கிழித்து இப்படி முக்கோணமாக மடிக்கிறவன் எங்கள் ஊரில் ஒருவன்தான். டீத்தூளோடும் பிஸ்கட்டோடும், மூன்று நான்கு மாத்திரையைச் சேர்த்து மடித்து 'செட் மாத்திரை' என்று விற்கிற கடைக்காரன். பெயர் தங்கப்பாண்டி. என் கூடப்பிறந்த தம்பி.

அவர் மாஸ்க்குக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கையை அசைத்தார். மச்சினனைக் காட்டிக்கொடுக்க மாட்டாராம். மூச்சு போய்க்கொண்டிருக்கிறது, இதில் மரியாதை வேறு! ஆனாலும், மருந்து ஆபீசர் வந்து கடையைப் பூட்டினால் அவன் பிள்ளைகள் என்ன செய்யும் என்று யோசித்தேன். பிறகு அந்த நீல உதட்டைப் பார்த்தேன். டாக்டர் முன்னாலேயே போனைப் போட்டேன்.

"ஏலே தங்கப்பாண்டி, உங்க அத்தானுக்கு என்ன மாத்திரைலே குடுத்த?"

"காய்ச்சலுக்கு எல்லாத்துக்கும் குடுக்கதுதானக்கா. ஒரு மஞ்சள், ஒரு நீட்டு, ஒரு சின்ன வெள்ளை. வெள்ளைய ரெண்டு ரெண்டாப் போடச் சொன்னேன், சீக்கிரம் கேக்கும்லா. என்னக்கா, எதுக்கு அழுத?"

டாக்டர் போனை வாங்கி, அட்டையில் உள்ள பெயரைப் படிக்கச் சொன்னார். அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். டாக்டர் முகம் மாறிவிட்டது.

"ஸ்டீராய்டு" என்றார். என்னைத் திட்டவில்லை. கட்டில் பக்கத்தில் நின்று இருவரிடமும் சொன்னார். "கிருமி நெஞ்சுக்குள்ள போனதும் அங்கன உள்ள அணுக்கள் மொதல்ல சத்தம் குடுக்கும். அதக் கேட்டுத்தான் ரத்தத்துல இருக்க வெள்ளணுக்கள் ஓடிவரும். காய்ச்சல், மேல்வலி எல்லாம் அந்தச் சத்தம்தான். எங்க வீட்லயும் மக்காச்சோளம்தான் போட்டிருக்காங்க. தகரம் தட்டுதது தூக்கத்துக்கு இடைஞ்சலா இருக்குன்னு காவக்காரனத் தூங்க வச்சா என்னாகும்?"

"பன்னி உள்ள வந்துரும்" என்று நான்தான் சொன்னேன். ஜில்லென்று இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டு மஞ்சள் துணியில் காசு முடிந்தேனே, அப்போதுதான் அது மேய ஆரம்பித்திருக்கிறது.

"வலிக்கும் சூட்டுக்கும் சாதா மாத்திரை போடலாம், தப்பில்ல. இந்த வெள்ளை அப்படி இல்ல. அது காவலையே படுக்க வச்சிரும். இப்ப நிப்பாட்டிட்டோம், கிருமிக்கு மருந்து குடுத்திருக்கோம். இந்தக் கிருமிய அடையாளம் கண்டு அழிக்கிற அணுக்கள் பெருகி வரக் கொஞ்ச நாள் ஆகும். இவருக்கு இன்னும் தாமதமாகலாம். அதுவரைக்கும் தாங்கணும். மாஸ்க்கை மட்டும் கழட்டவே கூடாது."

"தாங்குவாவளா டாக்டரம்மா?"

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவருக்கு மாஸ்க் மூச்சை அடைப்பது போல இருக்கும், பிடுங்கப் போவார். நான் அதட்டினால் விடுவார். "சோளம்" என்பார், மூச்சு வாங்கும். "பரண்" என்பார், மறுபடி வாங்கும். சேர்ந்தாற்போல மூன்று வார்த்தை வரவில்லை.

மறுநாள் டீ குடிக்க வெளியே போய்விட்டுத் திரும்பினேன். வார்டு வாசலில் நெற்றிக்கு நேராக ஒரு கருவியை நீட்டுவார்கள். அது சிவப்பு காட்டியது. காலையிலிருந்தே எலும்பெல்லாம் குடைந்தது, அலைச்சல் என்றிருந்தேன். அவருடைய காய்ச்சல் எனக்கும் வந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்து மருந்து எழுதினார். "உள்ள மத்த நோயாளிகளும் இருக்காங்க. காய்ச்சல் விட்டாத்தான் விடுவோம்" என்றார்.

வேப்பமரத்தடி பெஞ்சில் பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தேன். ராதாமணி எட்டிப் பார்த்து, "உங்களத்தான் தேடுதாங்க, மாஸ்க்கைப் பிடுங்கிட்டே இருக்காங்க" என்றாள். பிராணன் போய்விட்டது எனக்கு.

அந்த நேரம் பார்த்துத் தங்கப்பாண்டி வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என் காலடியில் உட்கார்ந்து அழுதான். நான் நடுங்குவதைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். அதே காலண்டர் தாள், அதே முக்கோணம்.

"ஒரே ஒரு வேளை போடுக்கா. சூடு இறங்கிரும், வாசல்ல ஒண்ணும் காட்டாது. நீ உள்ள போயி அத்தானப் பாரு. அதுக்கப்புறம் போட வேண்டாம்."

பாசத்தில்தான் சொன்னான் பாவிப்பயல். பொட்டலத்தை நான் வாங்கிவிட்டேன் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். உள்ளே அவர் மாஸ்க்கைப் பிடுங்குகிறார். நான் போனால் அடங்குவார். எனக்கு என்ன ஆனால் என்ன? பிரித்து வெள்ளையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அரிசி நொய்யைவிடக் கொஞ்சம் பெரிது. இது என் சூட்டை மறைக்கும், கிருமியை மறைக்காது. அதையும் சேர்த்து உள்ளே கொண்டுபோய் இன்னொரு வீட்டு ஆள் மேல் இறக்கிவிடுவேன்.

கீழே போட்டுச் செருப்பால் தேய்த்தேன்.

"நீ போ உள்ள. முகக்கவசத்தப் போட்டுக்கோ. உங்க அத்தான் கையப் பிடிச்சுக்கோ. மாஸ்க்கைக் கழட்ட விட்ட, நான் உன் முகத்துல முழிக்க மாட்டேன்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கா அவிய முன்னால நிப்பேன்?"

"இருக்க மூஞ்சிய வச்சு நில்லுலே!"

போனான். கடையைச் சாத்திவிட்டு அங்கேயே கிடந்தான், சோறு தண்ணி ஒழுங்காக இல்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தகரக்கூரைச் சாய்ப்பில் துண்டை விரித்துப் படுத்து, டாக்டர் கொடுத்ததை மட்டும் சாப்பிட்டேன். மாத்திரை வேகம் குறையும்போதெல்லாம் சூடு மறுபடி ஏறும். உடம்பு தூக்கிப் போடும். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும், அவன் அழுகிற சத்தம்தான் கேட்கப்போகிறது என்று பயந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அன்றைக்கும் அப்படித்தான் அடித்தது. காதில் வைத்தேன். பேசியது தம்பி இல்லை.

"ஏட்டி உமா, உனக்குக் காய்ச்சல் இன்னும் அடிக்குதா, அடிச்சா அடிக்கட்டும், பயப்படாத, நம்ம ஆளுவ உள்ள தகரம் தட்டுதானுவன்னு நெனச்சுக்கோ."

இடையில் எங்கேயும் நிற்கவில்லை. முழுசும் ஒரே மூச்சில் சொன்னார்.

"அடிக்குதுங்க" என்றேன். "நல்லா அடிக்குது." அதற்குமேல் பேச முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.