மில்லுக்குள் மட்டும் அண்ணன்

1957-ஆம் வருஷம் ஆவணி மாதம் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, பொன்னமராவதி அரிசி மில் ஒன்றில் முதலாளி, தொழிலாளி என்ற வேற்றுமை அடியோடு ஒழிக்கப்பட்டது என்பதைச் சகலரும் அறியவும். ஒழித்தவர் முதலாளி அடைக்கப்பன். சென்னையில் 'தொழிற்கூடங்களில் மனித உறவு' என்று மூன்று நாள் மாநாடு நடத்தி, ஆளுக்கொரு பட்டுக் குஞ்சத்தைச் சட்டையில் குத்தி அனுப்பியிருந்தார்கள். குஞ்சத்தைக் கழற்றாமலே வந்து நாற்காலி மேல் ஏறினார்.

"இனிமே ஐயாவும் கிடையாது, முதலாளியும் கிடையாது. நான் ஒங்க அண்ணன். நாமெல்லாம் ஒரே குடும்பம்!"

கணக்குப்பிள்ளை ஆத்மநாதன் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். களத்தில் நெல் காயவைக்கும் செவந்தி மட்டும் தட்டவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மகளுக்கு நாலு வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமனுக்கு எங்கே போவது? "மடிக்கு ஆளத்தவ" என்று நாத்தனார் மூக்காயி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

மறுநாள் செவந்தி வெற்றிலை பாக்குத் தட்டோடு முதலாளி அறைக்குள் போனாள்.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை ஒங்க மருமகளுக்குக் காதுகுத்துங்க."

"எந்த மருமக?"

"என் மகதாண்ணே. எனக்கு நீங்க அண்ணன்னா, அவளுக்குத் தாய்மாமன் நீங்கதானே?"

அடைக்கப்பனுக்கு வியர்த்தது. மாநாட்டில் இந்தப் பாடம் நடத்தவில்லை.

"அதுக்கென்ன, தோடு, பட்டுப்பாவாடை எல்லாம் குடுத்துவிடுறேன்."

"சீரு வேண்டாம்ணே. மடி போதும்."

அந்த மடியில் அதுவரை அவருடைய தொப்பையைத் தவிர வேறெதுவும் உட்கார்ந்ததில்லை.

"இங்க பாரு ஆத்தா, இந்த ஒறவெல்லாம் மில்லுக்குள்ள மட்டுந்தான்."

"அதுனால என்னண்ணே, நம்ம களத்துலயே ஒரு பாயைப் போட்டுக் குத்திக்கிருவோம்."

பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஆத்மநாதன் இருமினார். "அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை மதுரையில அவசர சோலிம்மா."

"அப்ப நீங்க வாங்கண்ணே. நீங்களும் இந்தக் குடும்பந்தானே?"

"எனக்கு மூட்டுவலி. காலை மடக்க முடியாது" என்றார், தினமும் பத்து மணி நேரம் சப்பணமிட்டு எழுதுகிற ஆத்மநாதன்.

வெள்ளிக்கிழமை செவந்தி வீட்டில் காது குத்தப் பத்தர் வந்து உட்கார்ந்துவிட்டார். தெருவே கூடியிருந்தது. "மில்லு மாமன் வந்துட்டாராடி?" என்று மூக்காயி மூன்று தடவை கேட்டாள், மூன்றாம் தடவை சிரிப்பை அடக்கக்கூட இல்லை. செவந்தி பாயில் உட்கார்ந்தாள். மகளை இழுத்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, "குத்துங்க பத்தரே" என்றாள்.

மறுநாள் மில்லில் அவள் அடைக்கப்பனை 'முதலாளி' என்று கூப்பிட்டாள். அவர் திருத்தவில்லை.