மாடியில் இருந்த கட்டில்

பத்தே காலுக்கு மாளிகையின் கதவு திறந்தது. தையற்காரி, நாங்கள் ஹாரன் என்று கூப்பிடும் பஸ் டிரைவர், நான் மூவரும் மற்றப் பார்வையாளர்களோடு உள்ளே போனோம். வழிகாட்டி எங்கள் சிட்டு. இன்று அவளுக்குச் சோதனை. ஒழுங்காகச் சுற்றிக் காட்டினால் வேலை நிரந்தரம். கூட்டத்தின் கடைசியில் மேலாளர் அம்மா கைகட்டி நின்றார்.

"என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க" என்று சிட்டு சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு வாரமாக என் வீட்டில் ஒத்திகை. துணிக்கொடி சரவிளக்கானது, சோஃபா ராஜாங்கக் கட்டிலானது. அவள் பாடம் எங்களுக்கும் மனப்பாடம். அதுதான் வினை.

"இந்த வீட்டைக் கட்டியவர் ஒரு கப்பல் வணிகர்" என்று சிட்டு ஆரம்பித்தாள். தையற்காரி குபீரென்று சிரித்தாள். அந்த வணிகருக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்ற வரி இன்னும் வரவேயில்லை. அவள் காலை மிதித்தேன்.

"ஏண்டி மிதிக்கிற?"

சாப்பாட்டுக் கூடத்தில் சிட்டுவுக்குப் பாடம் மறந்துவிட்டது. நீள மேசையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். ஹாரன் கைகொடுக்க நினைத்தான்.

"மேடம், இந்தக் கட்டில்ல அவர் ஏன் உக்காந்துகிட்டே தூங்கினாரு?"

கட்டில் மாடியில் இருந்தது. நாங்கள் இன்னும் படியேறவில்லை.

"எந்தக் கட்டில்?" என்றார் ஒரு பெரியவர். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

சிட்டு உதட்டைக் கடித்தாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

"இவங்க மூணு பேரும் என் ஃப்ரெண்ட்ஸ்தான். பாடம் என்னைவிட இவங்களுக்கு நல்லா வரும். இந்த அவசரக்குடுக்கை மாடிக்கே போயிட்டான். சரி, இங்கயே சொல்லிடறேன். அந்த மனுஷன் இந்த மேசையில சாப்பிட்ட சாப்பாட்டுக்குப் படுத்தா மூச்சு விட முடியுமா? நாற்காலியோட அகலத்தப் பாருங்க!"

அதன்பிறகு பாடம் போன இடம் தெரியவில்லை. வீட்டில் எங்களிடம் வாயடிப்பதைப் போலவே பேசினாள். நாற்காலியில் உட்காரப் போன பெரியவரை அதட்டினாள். அவர் சந்தோஷமாக எழுந்துகொண்டார். மாடியில் கட்டிலைக் கண்டதும் கூட்டம் ஹாரனுக்குக் கைதட்டியது. அவன் கும்பிட்டான்.

வாசலில் மேலாளர் அம்மா சிட்டுவை நிறுத்தினார். நாங்களும் நின்றோம்.

"நாளையிலேர்ந்து ஒழுங்கா நேரத்துக்கு வந்துடும்மா. வேலை உனக்குத்தான்."

தையற்காரி என் தோளைப் பிடித்துக் குதித்தாள். மேலாளர் அம்மா எங்கள் பக்கம் திரும்பினார்.

"தோட்டத்தைச் சுத்திக் காட்டவும் ஒரு ஆள் குறையுது. உங்கள்ல யாருக்கு அந்தப் பாடமும் மனப்பாடம்?"