சைபரில் வரைந்த படம்

என் தங்கை வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய பின்பால் மெஷின் நிற்கிறது. கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு ஓடி முட்டி, மணியடித்து, எண் ஏறும் விளையாட்டு. அவள் கணவர் பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்து ஓட வைத்தார். "ஒருநாள் ஒம்பதாயிரம் அடிக்கிறேனா இல்லையா பாருங்க மச்சான்" என்பார். மாப்பிள்ளை ஆடும் ஆட்டத்துக்கு அது வெறும் வாய்ச்சவடால். கடைசியாக ஆடிய அன்று 2740. மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் மாரடைப்பு. அந்த எண்ணை அவள் ஒரு வருடமாகத் துடைத்துத் துடைத்துக் காத்து வருகிறாள்.

"அந்தச் சத்தம் இல்லாம வீடு வீடா இல்லண்ணே. ஓட வச்சுக் குடு. நம்பர் மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை.

நான் வீட்டு வயரிங் செய்கிறவன். சர்க்யூட் படம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்கதவைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த மெஷினின் படத்தை விரித்தேன். இரண்டு சிறு கோடுகள் விலகி நின்றால் திறந்த சுவிட்ச். அவற்றின் குறுக்கே சாய்கோடு விழுந்தால் மூடிய சுவிட்ச். நான்கு எண் உருளைகளுக்கும் பின்னால் ஆளுக்கொரு சுவிட்ச். படத்தில் நான்கும் திறந்திருந்தன. மெஷினில் கடைசி உருளையுடையது மட்டும்தான் திறந்திருந்தது. மற்ற மூன்றிலும் தகடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"உன் வீட்டுக்காரர் கண்டபடி வளைச்சு வச்சிருக்கார்" என்று தகடுகளை நிமிர்த்தக் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தேன். இறந்தவர் எதிர்த்துப் பேச மாட்டார் அல்லவா?

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கொஞ்சம் இருண்ணே." படத்தின் மூலையில் விரல் வைத்தாள். "இங்க பொடி எழுத்துல ஏதோ இருக்கு. எல்லா நம்பரும் சைபர்ல, முதல் குண்டு ஆடத் தயாரா இருக்கற நிலையில வரைஞ்சதுன்னு போட்டிருக்கு."

எங்கள் தொழிலில் சுவிட்சை அணைத்த நிலையில்தான் வரைவோம். இதையும் அப்படியே படித்துவிட்டேன். கடைசி உருளை சைபரில் நின்றதால்தான் படத்தோடு ஒத்துப்போனது. மற்றவை 2, 7, 4. சைபருக்குப் போய்ச் சேரும்வரை அவற்றின் சுவிட்ச் மூடித்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளை எதையும் கெடுக்கவில்லை. பிளேயரைக் கீழே வைத்தபோது வெட்கமாக இருந்தது.

பழுது ஸ்டார்ட் ரிலேயில், பட்டனை அழுத்தியதும் காந்தம் இழுத்து மூடும் சுவிட்சில், இருந்தது. தகடுகளுக்கு இடையே அட்டைத்துண்டை நுழைத்து இழுத்தேன். தூசி கறுப்பாக வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டார்ட் அழுத்தினால் மெஷின் செய்யும் முதல் வேலையே எண்களைச் சைபராக்குவதுதான்.

சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது.

"போட்டோ எடுத்து வச்சுக்கம்மா."

"எப்பவோ எடுத்தாச்சு. போட்டோ போட்டோதானே."

"அப்ப விட்டுடுவோம். இப்படியே நிக்கட்டும்."

கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள். "சும்மா நிக்கறதுக்கா இதை வாங்கினாரு?" என்றாள். பிளக்கைச் செருகி, அவளே பட்டனை அழுத்தினாள்.

அந்த உருளைகளுக்குப் பின்னோக்கிச் சுழலத் தெரியாது; சைபருக்கு வரவும் முன்னோக்கித்தான் ஏற வேண்டும். எண் ஏறியது. 3850. 4960. மற்றவை ஒவ்வொன்றாகச் சைபருக்கு வந்து நின்றுவிட, முதல் உருளை மட்டும் டக் டக்கென்று ஏறிக்கொண்டே போனது. எட்டாயிரம். ஒன்பதாயிரம்.

"அடிச்சிட்டாருண்ணே!" என்று கத்தினாள்.

அடுத்த டக்கில் எல்லாம் சைபர். குண்டு உருண்டு வந்து நின்றது. தங்கை அழுதுகொண்டே, குண்டை அடித்துவிடும் கம்பியைப் பிடித்து இழுத்தாள்.