வெளிநாட்டார் விகிதம்

பல்கலைக்கழகங்களுக்கு உலகத் தரவரிசை போடுகிறவர்கள் பெண் பார்க்க வருகிறவர்களைப் போல. நூலகம் எத்தனை மாடி, பேராசிரியர்கள் எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பார்கள். உள்ளே இருக்கிற பிள்ளை சாப்பிட்டதா, அழுததா என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

அவர்களுக்கு அனுப்பும் புள்ளிவிவரங்களைத் திரட்டுவதுதான் வேணுஜாவுக்குப் படிப்போடு கிடைத்த பகுதிநேர வேலை. பன்முகத்தன்மைக்கு நல்ல புள்ளி உண்டு. ஆனால் அது கடவுச்சீட்டைப் பார்த்து, வெளிநாட்டார் எத்தனை வீதம் என்று போடும் புள்ளி. எசன் என்ற ஜெர்மன் நகரில் பிறந்த அவளும் அங்கேயே பொறியியல் படிக்கும் தம்பி சுரேனும் அந்தக் கணக்கில் அசல் ஜெர்மன்காரர்கள். இயந்திரவியல் பேராசிரியருக்கு மட்டும் அது எட்டவில்லை.

வாய்மொழிப் பரீட்சையில் அவர் சுரேனிடம் முதலில் கேட்டது, "எந்த நாடு?" என்று. "எசன்" என்றான். சிரித்தார். அவனை விழுத்திவிட்டார். இரண்டாம் முறையும் அதே கதைதான். ஒரு பாடத்தில் மூன்று முறை விழுந்தால் இந்த நாட்டில் எங்கேயும் அந்தப் படிப்பைத் தொடர முடியாது. ஆட்சேபம் எழுதுவோம் என்று வேணுஜா துடித்தாள். அப்பா யோகலிங்கம் விடவில்லை.

"வேண்டாம் பிள்ளை. படிப்பிக்கிற ஆளை எதிர்த்து எழுதினா அடுத்த முறை சும்மா விடுவாரோ? கவனமாப் படிச்சாச் சரி. ஒண்டும் எழுதாதேங்கோ."

அகதியாக வந்து, விசாப் பதிலுக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடந்த மனிதர். வாயைத் திறந்தால் கோப்பை மூடிவிடுவார்கள் என்பது அவர் எலும்புக்குள் இறங்கிப்போன பயம். அப்பாவின் பேச்சைத் தட்டப் பிள்ளைகளுக்கு மனம் வரவில்லை. ஆட்சேபத்துக்கான தவணையும் கடந்துபோனது.

மூன்றாம் முறையும் அதே பேராசிரியரின் அறையை விட்டுச் சுரேன் வந்தபோது அவன் முகத்தைப் பார்த்ததுமே வேணுஜாவுக்கு விளங்கிவிட்டது.

"என்ன கேட்டவர்?"

"வீட்டில என்ன மொழி கதைக்கிறனீங்கள் எண்டு கேட்டவர். பிறகு படிச்சது ஒண்டும் வாயில வரேல்ல அக்கா."

அவள் நேரே பாகுபாட்டுப் புகார்களைக் கேட்கும் சமவாய்ப்பு அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த திருமதி லிண்ட்னர் நல்ல மனுஷி. தேநீர் ஊற்றிக் கொடுத்து முழுவதையும் கேட்டார்.

"எங்களைப் போன்றவர்களில் எத்தனை பேரை அவர் விழுத்தியிருக்கிறார் என்று பார்க்க முடியாதா?"

"நாங்கள் யாருடைய நிறத்தையும் இனத்தையும் பதிவதில்லை, வேணுஜா. ஒரு காலத்தில் இங்கே அப்படிப் பதிந்ததால் என்ன நடந்தது என்று உனக்கே தெரியும்."

தெரியும். யூதர்களைப் பட்டியலிட்டுக் கொன்றதைப் பள்ளியில் படித்திருக்கிறாள். அது நியாயமாகவும் இருந்தது, அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமலிருந்தது.

"போன முறை ஏன் ஆட்சேபம் எழுதவில்லை? அன்றைக்கே எழுதியிருந்தால் பரீட்சகரை மாற்றக் கேட்டிருக்கலாம். மூன்றாம் முறை முடிவை இனி மாற்ற முடியாது."

அப்பாவின் பயத்தை எந்த ஜெர்மன் சொல்லால் விளக்குவது? அவள் எழுந்து வந்தாள்.

வீட்டில் சுரேனின் அறைக்கதவு சாத்தியிருந்தது. யோகலிங்கம் சமையலறை மேசையில் வெள்ளைத்தாளும் பேனையுமாக இருந்தார்.

"இப்ப எழுதினா ஏலாதோ பிள்ளை? நானே கையெழுத்து வைக்கிறன். என்ர பேரை அவங்கள் குறிச்சு வைச்சாலும் பரவாயில்லை."

வெள்ளம் தலைக்கு மேல் போய்விட்டது, இனிச் சாண் என்ன முழம் என்ன. அவரிடம் அதைச் சொல்லாமல், "பாப்பம் அப்பா" என்று பொய் சொன்னாள்.

அடுத்த வாரம் அவள் வேலை செய்யும் புள்ளிவிவர அலுவலகத்தில், படிப்பிலிருந்து நீக்கப்பட்டவர்களின் பெயர்களைக் கழித்துவிட்டு மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். வெளிநாட்டார் விகிதம் மயிரிழை அளவு ஏறியிருந்தது. ஜெர்மன்காரர் குறைந்தால் அது ஏறத்தானே செய்யும்.

"பார்த்தாயா, இன்னும் பன்முகமாகிவிட்டோம்!" என்றார் அவர், உண்மையான சந்தோஷத்தோடு. "அனுப்பிவிடு."

தம்பியைக் கழித்த கணக்கை வேணுஜா அனுப்பிவிட்டாள்.