பேட்டரி வாங்கும் மேசை

டிவி ரிமோட் மூன்றாவது முறையாக மண்டையைப் போட்டபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. போன வாரம்தான் புது பேட்டரி போட்டேன். பின்மூடியைத் திறந்தால் காலி. சுவர்க் கடிகாரம் காலி, டார்ச்சும் காலி. எலி பேட்டரி தின்னாது. மிச்சமிருப்பது அப்பா.

அன்று சனிக்கிழமை. மறுசுழற்சி வண்டி தெருமுனையில் வந்து நிற்கும் நாள். கண்ணாடிக்கு ஒரு தொட்டி, காகிதத்துக்கு ஒரு தொட்டி. நாமே போட்டுவிட்டு வரலாம். பேட்டரி, பல்பு, பெயின்ட் டப்பா, காலாவதியான மருந்து, இவற்றை மட்டும் மேசையில் இருக்கும் பெண்மணியிடம் கையில் கொடுக்க வேண்டும். அம்மா போனபிறகு வாயே திறக்காத மனுஷன், இந்தக் குப்பை விஷயத்தில் காட்டிய மும்முரத்தை நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

கோபத்தோடு போனேன். அப்பா மேசை முன்னால் நின்று எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ரிமோட் பேட்டரி எங்கப்பா?"

அப்பா தரையைப் பார்த்தார். அந்தப் பெண்மணிதான் கையுறையைக் கழற்றிவிட்டு, மேசைக்கடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே எங்கள் வீட்டு பேட்டரிகள்.

"வர்றதை எல்லாம் மீட்டர்ல வச்சுப் பார்ப்போம். சார் கொண்டு வர்றது அத்தனையும் நல்ல பேட்டரி. அதான் தனியா எடுத்து வச்சேன்."

"தெரிஞ்சும் ஏங்க சொல்லல?"

"சொன்னா வராம போயிடுவாரே."

அம்மா இருந்த இடத்தில் இன்னொருவரா? பொய் சொல்ல மாட்டேன், அழுகை வந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று திரும்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆனால் கிளம்பாமல், பேப்பரின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டி வந்திருக்குமே, போகலியா?"

"குடுக்க ஒண்ணும் இல்லம்மா."

பெற்ற மகளிடம் கேட்கத் தெரியாமல் அவர் தவிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வந்த கோபம் எல்லாம் என்மேலேயே வந்தது.

"சும்மாவே போங்கப்பா. பேசத்தானே போறீங்க."

அடுத்த நொடி அப்பா வாசலில் இருந்தார்.

"நில்லுங்க!"

முகம் வெளுத்துத் திரும்பினார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டேன். என் விரல்களுக்கு அடியில் அப்பாவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.